பெயர் தெரியாமல் போன நம்ம பட்டாளத்துக்காரர்கள்



வர்ற மகாளய அமாவாசைக்கு நம்ம கோயில்ல வழக்கம்போல தர்ப்பணம் நடக்கும். காலையிலேயே கூட்டம் வந்துடும். வர்றவங்க கையில ஒரு சின்னத் தாள் இருக்கும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மா, பாட்டி என்று மூணு தலைமுறைப் பெயர் அதில் எழுதியிருக்கும். குருக்கள் ஒவ்வொரு பெயராகக் கேட்பார். நாம் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடுவோம்.

இந்த வருஷம் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மோட்ச தீபமும் ஏற்றப் போகிறோம். இந்திய சுதந்திரத்துக்காக நேதாஜியின் படையில் சேர்ந்து, இந்த மலாயா மண்ணிலிருந்து புறப்பட்டுப் போய், திரும்பி வராமலே போனவர்களுக்காக. "அண்ணே, அதுக்கும் நம்ம கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இளைஞர் பகுதித் தம்பி ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற மேசையில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை, பேக்டரியில் சூப்பர்வைசர். பல வருஷமாக இந்த வரலாற்றைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் காலத்துத் தோட்டம்

இன்றைய பிள்ளைகளுக்குத் தோட்டம் என்றால் செம்பனைதான் தெரியும். 1940 வாக்கில் எல்லாம் ரப்பர். விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். பிறகு பால்மரம் வெட்டப் போக வேண்டும். லயத்து வீடு, தோட்டத்துக் கள்ளுக்கடை, ஒரு மாரியம்மன் கோயில், அதுதான் உலகம்.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் என்பவர் அதற்கு முன்னின்றார். தொழிலாளர்கள் கேட்டது சம்பள உயர்வு மட்டும் இல்லை. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக ஒரு உரிமை! அதைக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அரசாங்கம் நாதனைப் பிடித்து நாடு கடத்தியது. பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் போனது.

நேதாஜி இந்த நாட்டுக்கு வந்தது அதற்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான். ஆனால் நம்ம ஆட்களுக்கு மானம், மரியாதை என்ற நெருப்பு அதற்கு முன்னேயே பற்றிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

படை உருவான கதை

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். கெடாவில் ஜித்ரா சண்டையில் பிரிட்டிஷ் படை சிதறியது. அந்தப் படையில் இருந்த கேப்டன் மோகன் சிங் என்ற பஞ்சாப் அதிகாரி அலோர் ஸ்டார் பக்கம் ஜப்பானியர் கையில் சிக்கினார். இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் முளைத்தது அங்கேதான். ஆக, அந்தப் படையின் விதை விழுந்த இடம் நம்ம கெடா.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. ரெண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஒன்றுகூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அதில் ஒரு பகுதியினர் மோகன் சிங் பின்னால் போனார்கள். ஆனால் அவருக்கும் ஜப்பானியருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த வருஷம் டிசம்பரிலேயே முதல் படை கலைந்துவிட்டது.

1943 ஜூலை 2ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து தலைமைப் பொறுப்பை ஏற்றார். 5ஆம் தேதி பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டு, டில்லிக்குப் புறப்படுங்கள் என்று முழங்கினார். அக்டோபர் 21ல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார்.

அதன் பிறகுதான் நம்ம ஆட்கள் கதையே ஆரம்பம். மோகன் சிங் காலத்துப் படை பெரும்பாலும் கைதான சிப்பாய்கள். நேதாஜி வந்த பிறகு பொதுமக்களையும் சேர்த்தார்கள். பால்மரம் வெட்டினவன், ரோட்டு வேலை செய்தவன், கடைச் சிப்பந்தி, பள்ளிக்கூட வாத்தியார் என்று வரிசை கட்டி வந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 18,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி மலாயாத் தமிழர்கள். சிரம்பான், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பயிற்சி முகாம்கள் நடந்தன. நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வார். மழையில் நனைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அது.

எதற்காகச் சேர்ந்தார்கள்?

இங்கே உண்மையைப் பேச வேண்டும். எல்லாரும் நாட்டுப்பற்றினால் மட்டும்தான் போனார்கள் என்று மேடையில் சொல்வது சுலபம். ஜப்பான் காலத்தில் அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. ரப்பர் விற்பனை இல்லை, வேலை இல்லை. இன்னொரு பக்கம் சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, தோட்டம் தோட்டமாக லாரி கொண்டுவந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள், அதில் ஏகப்பட்ட பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே செத்தார்கள். படையில் சேர்ந்தால் ரயில் வேலைக்குப் பிடிக்க மாட்டான் என்று சேர்ந்தவர்களும் உண்டு. ஒரு வேளைச் சோற்றுக்காகப் போனவர்களும் உண்டு.

அதனால் அவர்கள் தியாகம் குறைந்து போகுமா? போகாதுங்க. பசிக்குப் போனவனும் பர்மாக் காட்டில் குண்டடி பட்டுத்தான் செத்தான். அதோடு இன்னொன்று இருக்கிறது. பெரட்டுக்களத்தில் தலை குனிந்து நின்றவனை, நிமிர்ந்து நில் என்று சொன்ன முதல் இடம் அந்த முகாம். பஞ்சாபியும் தமிழனும் மலையாளியும் வங்காளியும், மேல்சாதியும் கீழ்ச்சாதியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்தியாவைக் கண்ணாலேயே பார்க்காத, இங்கேயே பிறந்த பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். பார்க்காத நாட்டுக்காகச் சாகத் துணிந்தார்கள் என்றால், அந்த நாடு அவர்கள் மனதில் வெறும் மண் இல்லை. மரியாதையோடு வாழ்வது என்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது.

கோயில் சம்பந்தம்

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன்.

சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயில் உங்கள் எல்லாருக்கும் தெரியும், தைப்பூசத்துக்குப் பேர் போன தண்டாயுதபாணி கோயில். நேதாஜி சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அந்தக் கோயில்காரர்கள் ஒரு வைபவத்துக்கு அவரை அழைக்க வந்தார்கள். படைக்கு நன்கொடை கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். அவர் வர முடியாது என்றுவிட்டார். காரணம், அந்தக் காலத்தில் எல்லாச் சாதிக்காரரும் உள்ளே போக முடியாது, வேற்று மதத்தவர் வரவே முடியாது. எல்லாச் சாதி மதத்தவரும் கலந்துகொள்கிற கூட்டமாக நடத்தினால் வருகிறேன் என்றார். கோயில்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நேதாஜி கோயிலுக்குள் போனபோது அவருக்கு ரெண்டு பக்கமும் வந்தவர்கள் அபித் ஹசனும் முகமது ஜமான் கியானியும். ரெண்டு பேரும் முஸ்லிம் அதிகாரிகள். எல்லார் நெற்றியிலும் திலகம் வைத்தார்கள். முருகன் சந்நிதியில் அப்படி ஒரு கூட்டம் நின்ற அதிசயத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் படை நம் கோயில் வாசலுக்கு வந்ததும், வந்தபோது கோயில் கதவு முன்னைவிட அகலமாகத் திறந்ததும் வரலாறு. சம்பந்தம் இது.

பெண்பிள்ளைகள்

ஆண்கள் மட்டும் இல்லை. மதராஸிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை ஆரம்பித்தது. 1943 அக்டோபர் 22ல் சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் முகாம் திறந்தார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. நேதாஜி பேச்சைக் கேட்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். வீட்டில் அப்பா சம்மதிக்கவில்லை, எப்படியோ மனதை மாற்றிச் சேர்ந்தார். படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். பிற்காலத்தில் இந்த நாட்டில் செனட்டராக இருந்தார். 2000ல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. 2014ல்தான் காலமானார்.

அவரோடு சேர்ந்த பிள்ளைகளில் நிறையப் பேர் தோட்டத்துப் பெண்கள். பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைகள். சேலை கட்டிப் பால் வாளி தூக்கினவர்கள் கால்சட்டை போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். பர்மா வரைக்கும் போய் மேமியோவில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது அவர்களில் ஒரு பகுதியினர் வந்த ரயிலைப் பர்மியக் கொரில்லாக்கள் தாக்கினார்கள். ஜோசஃபின், ஸ்டெல்லா என்ற ரெண்டு பெண்கள் அங்கே உயிரை விட்டார்கள்.

இந்த ரெண்டு பெயரும் நமக்குத் தெரிகிறது. ஏன் தெரிகிறது? கூட இருந்த தோழிகள் பிழைத்து வந்து, மறக்காமல் சொல்லிக்கொண்டே இருந்ததால். அவ்வளவுதான். சொல்ல ஆள் இருந்தால் பெயர் நிற்கிறது. இல்லாவிட்டால் போய்விடுகிறது.

தூக்குமேடை ஏறிய நால்வர்

இன்னொரு நான்கு பெயரும் தெரிகிறது. பினாங்கில் சுவராஜ் நிலையம் என்று ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. இந்தியாவுக்குள் ரகசியமாகப் போய் வேலை செய்ய அங்கே இளைஞர்களைத் தயார் செய்தார்கள். 1942ல் ஒரு குழு கிளம்பியது. சிலரை நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய் மலபார் கரையோரம் இறக்கினார்கள். பிடிபட்டார்கள். மதராஸ் சிறையில் வழக்கு நடந்து, 1943 செப்டம்பர் 10ஆம் தேதி நால்வரைத் தூக்கில் போட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். ஒரு முஸ்லிம், ரெண்டு இந்து, ஒரு சீக்கியர். இவர்களில் காதர் மலாயாவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததால் எழுத்து மூலம் பதிவு இருக்கிறது. அதனால் இவர்கள் பெயரும் நிலைத்தது.

பர்மாக் காட்டில்

1944ல் ஜப்பானியப் படையோடு சேர்ந்து நேதாஜி படை இம்பால், கோஹிமா பக்கம் போனது. ஏப்ரல் 14ஆம் தேதி மணிப்பூரில் மொய்ராங்கில் மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள். அது நம்ம சித்திரைப் புத்தாண்டு நேரம். ஆனால் ரெண்டு மூணு மாதத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து உணவும் மருந்தும் வரவில்லை. ஆகாயத்தில் ஜப்பான் விமானம் கிடையாது. இலை தழை தின்று நடந்தார்கள். துப்பாக்கிக் குண்டில் செத்தவனைவிடப் பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவன் அதிகம்.

1945 பிப்ரவரியிலிருந்து ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பா மலையிலும் கடைசிக் கட்டச் சண்டை. இந்தத் தடவை மலாயாவில் சேர்ந்த நம்ம இளைஞர்கள் படையில் நிறைய இருந்தார்கள். எதிரில் டாங்கியும் பீரங்கியும். இவர்கள் கையில் பழைய ரைஃபிள். தோட்டத்திலிருந்து வந்த பையன், சில மாதப் பயிற்சியோடு டாங்கி முன்னால் போய் நின்றான்.

ஒரு விஷயம் படித்ததிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை. இந்தப் படையினரில் பல பேரைப் பர்மாவுக்குக் கொண்டுபோனது அந்தச் சயாம் மரண ரயில் பாதையில்தான். அண்ணன் செத்துப் போட்ட தண்டவாளத்தின் மேல் தம்பி பட்டாளத்துக்குப் போயிருக்கிறான். எத்தனை குடும்பத்தில் அப்படி நடந்ததோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

இடித்த கல்

1945 ஜூலை 8ல் நேதாஜி சிங்கப்பூர் எஸ்பிளனேடு கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். பெயர் தெரியாத வீரர்களுக்கான சின்னம். கர்னல் ஸ்டிரேசி என்ற அதிகாரி முன்னின்று, சில வாரத்தில் கட்டி முடித்தார். இத்திஃபாக், இத்மாத், குர்பானி என்று மூன்று சொல் அதில் பொறித்தார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்.

ஆகஸ்ட் 15ல் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தது. ரெண்டு மாதம்கூட அந்தக் கல் நிற்கவில்லை. உயிரோடு இருந்தவர்களைப் பிடித்து அடைத்தது சரி, செத்தவனுக்கு வைத்த கல் என்ன செய்யும் அவர்களை? பயம்தான்.

ஐம்பது வருஷம் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. 1995ல் சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் அங்கே ஒரு அடையாளப் பலகையை நிறுவியது. இன்றைக்கும் இருக்கிறது. சிங்கப்பூர் போகிறவர்கள் எஸ்பிளனேடு பூங்காவில் நடந்து போய்ப் பார்க்கலாம்.

பார்க்கும்போது பக்கத்தில் இருக்கிற செனடாஃபையும் பாருங்கள். 1922ல் திறந்த பிரிட்டிஷ் போர் நினைவுச் சின்னம் அது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட 124 பேருடைய பெயர் அதில் இருக்கிறது. 124 பேருக்கும் தனித்தனியாகப் பெயர். கிராஞ்சி நினைவிடத்துக்குப் போனால் ரெண்டாம் போரில் உடல் கிடைக்காமல் போன 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். அதில் பிரிட்டிஷ் பக்கம் நின்று உயிர்விட்ட இந்தியச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களும் நம்ம ரத்தம்தான், அவர்களுக்கும் என் வணக்கம். ஆனால் நேதாஜி படைப் பலகையில் ஒரு வீரனின் பெயரும் கிடையாது. பலகை வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. பட்டியல் இருந்தால்தானே வெட்டுவதற்கு?

எங்க பேக்டரியில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் அதற்கு ஒரு நம்பர், யார் எடுத்தார், எந்த ஷிஃப்ட் என்று ரெக்கார்டு இருக்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கொடுத்த சமுதாயம் நாம். நம்மிடம் ஒரு லிஸ்ட் இல்லை.

ஜப்பான் பக்கம் நின்றவர்களாச்சே?

இதையும் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஜப்பான் ஆட்சியில் நம்ம சீன அண்டை வீட்டார் பட்ட கொடுமை சொல்லி மாளாது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். நம்ம ஆட்களை ரயில் பாதையில் சாகடித்ததும் அதே ஜப்பான்தான். அதை மறைத்துவிட்டு இந்த வீரர்களைப் புகழ முடியாது. மறைக்கவும் தேவையில்லை.

நாம் ஏற்றுகிற விளக்கு ஜப்பானுக்கு இல்லை. எந்தக் கொடிக்கும் இல்லை. அடிமைத்தனத்திலிருந்து வெளியேற ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது என்று நம்பி, அந்தக் கதவு வழியாகப் போய் மாண்ட பிள்ளைகளுக்கு. எந்தப் பெரியவர்கள் யாரோடு கை குலுக்கினார்கள் என்பதற்கு, பால் வாளியைப் போட்டுவிட்டுப் போன 19 வயசுப் பையனிடம் கணக்குக் கேட்கக் கூடாது.

அவர்கள் போனது வீணாகவும் போகவில்லை. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மேலும் வழக்குப் போட்டார்கள். நாடே கொதித்து எழுந்தது. அடுத்த பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1947ல் இந்தியா விடுதலை பெற்றது. இங்கேயும் பலன் உண்டு. 1946ல் மலாயன் இந்தியன் காங்கிரசை ஆரம்பித்த ஜான் திவி நேதாஜி இயக்கத்தில் இருந்தவர். கெடா தோட்டங்களில் அந்தச் சமயம் தொண்டர் படை கிளம்பிக் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தது. முகாமில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் செல்வாக்கு அதில் இருந்தது. நிமிர்ந்து நிற்கப் பழகியவன் மறுபடி குனிய மாட்டேன் என்றான். கோயில் தொண்டர் என்று இன்றைக்கு நாம் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்கிறோமே, அந்தத் 'தொண்டர்' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இப்படி ஒரு சரித்திரம் உண்டு.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் பாட்டியின் அண்ணன் ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனவர். சிரம்பான் முகாமில் இருந்து ஒரு தடவை லீவில் வந்தார், கூடப் பிறந்தவர்களுக்குச் சல்யூட் வைக்கச் சொல்லிக் கொடுத்தார், திரும்பிப் போனார், அவ்வளவுதான். வரவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வீட்டில் இருந்த ஒரே போட்டோவைக் கொள்ளுத்தாத்தா அடுப்பில் போட்டுவிட்டாராம். பிடித்துப் போவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எத்தனையோ வீட்டில் இருந்தது.

பாட்டி அவரைப் 'பெரியண்ணன்' என்றே சொல்வார். அப்பாவுக்கு அவர் 'பட்டாளத்து மாமா'. பாட்டி போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. தர்ப்பணத் தாளில் என்ன எழுதுவது? 'பெரியண்ணன்' என்று எழுத முடியுமா?

நம்ம முறையில் இறந்தவருக்குச் செய்கிற மரியாதையே பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பெயர் சொல்லி அழைத்துத்தான் தண்ணீர் விடுகிறோம். அதே நேரம், பெயர் சொல்ல உறவு யாருமே இல்லாதவர்களுக்கும் எள்ளும் நீரும் விடுகிற வழக்கத்தை நம் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். குருக்களைக் கேளுங்கள், காருண்ய தர்ப்பணம் என்று சொல்வார். மோட்ச தீபம் அந்த அடிப்படையில்தான்.

என்ன செய்யலாம்?

விளக்கு மட்டும் ஏற்றிவிட்டு வடையும் காப்பியும் குடித்துவிட்டுப் போனால் போதாது. நிர்வாகத்தின் அனுமதியோடு சீட்டு மேசைப் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் படைக்குப் போயிருந்தால் எழுதுங்கள்.

முழுப் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த முகாம், திரும்பி வந்தாரா இல்லையா. தெரிந்தவரைக்கும் போதும். தெரியாததைக் கற்பனை பண்ணி எழுத வேண்டாம். ஒரு வரி உண்மை, ஒரு பக்கக் கதையைவிடப் பெரிசு. பழைய போட்டோ, பேட்ஜ், கடிதம் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

வீட்டில் 80, 90 வயசைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நேரடியாகப் "போர்க் கதை சொல்லுங்க" என்றால் சொல்ல மாட்டார்கள். "ஜப்பான் காலத்துல நம்ம லயத்துல யார் யார் இருந்தாங்க பாட்டி?" என்று ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அதில் ஒரு வீட்டுக்கு வரும்போது நிறுத்துவார்கள். அங்கே ஒரு பெயர் இருக்கும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னும் பத்து வருஷம் கழித்து இதைச் செய்யலாம் என்று நினைத்தால், சொல்ல ஆள் இருக்காது.

முஸ்லிம், கிறிஸ்தவ, சீக்கிய நண்பர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுப் பெயரையும் அந்த நோட்டில் எழுதலாம். அப்துல் காதரும் ஃபௌஜா சிங்கும் ஜோசஃபினும் ஸ்டெல்லாவும் இருக்கிற பட்டியல் அது. அவரவர் முறைப்படி அவரவர் பிரார்த்தனை செய்துகொள்ளட்டும், பெயர் ஒரே நோட்டில் இருக்கட்டும். டேங்க் ரோடு கோயிலில் அன்றைக்கு ஒன்றாக நின்றவர்களை இன்றைக்கு நாம் பிரித்து எழுத வேண்டாம்.

எழுதிச் சேர்ந்த பெயர்களை வருஷா வருஷம் மகாளய அமாவாசை அன்று சந்நிதியில் நின்று சத்தமாக வாசிக்கலாம் என்று இருக்கிறோம். முதல் வருஷம் பத்துப் பெயர் கிடைத்தாலும் சரி, ரெண்டே பெயர் கிடைத்தாலும் சரி, வாசிப்போம். கடைசியில், பெயர் கிடைக்காத எல்லாருக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் மௌனம். எங்கள் பட்டாளத்து மாமாவுக்கு அந்த ஒரு நிமிஷம்.

மோட்ச தீபம் மாலை 6:30க்கு. குடும்பத்தோடு வாருங்கள், பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். இந்தப் பதிவை உங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் பகிருங்கள். எந்தத் தோட்டத்து மாமாவோ சித்தியோ இதைப் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னால், அதுவே அந்த வீரனுக்கு நாம் வைக்கிற கல்.

தாய் மாரியம்மன் எல்லாரையும் காப்பாற்றட்டும்.